மறைக்கத் தெரியாத முகம்

சைக்கிள் பந்தயத்தில் மறைவதும் ஒரு வித்தை. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியே மிதித்துக் காற்றிலிருந்து மறைய வேண்டும். மூச்சு முட்டும்போது அந்த இரைப்பு பக்கத்தில் வருகிறவரின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கால் கனத்துப்போன நேரத்திலும் முகம் சலனமில்லாமல் இருக்க வேண்டும். மலையேற்றத்தில் போட்டியாளர்கள் சாலையைவிட அதிகமாக ஒருவர் முகத்தை ஒருவர்தான் படிக்கிறார்கள். ஒரு சுளிப்பு தெரிந்துவிட்டால், அந்தக் கணத்திலேயே எதிராளி இருக்கையிலிருந்து எழுந்து மிதித்துப் பறந்துவிடுவார். மூன்று வாரம், 21 கட்டங்கள், ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் என்று நீளும் டூர் டி பிரான்ஸை வென்றவர்கள் பலரும் இந்த மறைப்பில் கைதேர்ந்தவர்கள்.

திபோ பினோவுக்கு அது கைவரவே இல்லை. 2010 முதல் 2023 வரை பதினான்கு பருவங்கள் தொழில்முறை வீரராக ஓடினார். அத்தனை ஆண்டுகளிலும் ஒரே அணி. டூரை அவர் வென்றதில்லை; ஒட்டுமொத்தத்தில் முன்னிலை வகிப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியை ஒரு நாள்கூட அணிந்ததில்லை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் டூரை வென்று, 1985இல் பெர்னார் இனோவுக்குப் பிறகு, இன்றுவரை நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தத் தாகத்தைத் தீர்த்தவரும் இவரல்ல. ஆனாலும் அவர் தலைமுறையில் பிரெஞ்சு மக்கள் அவ்வளவு நெருக்கமாக நேசித்த வீரர் வேறு யாராவது உண்டா என்பது சந்தேகமே. அந்த நேசத்துக்கான காரணம் அவருடைய வெற்றிப் பட்டியலில் கிடைக்காது. அவர் ஓடிய விதத்தை நிதானமாகப் பார்த்தால் கிடைக்கும்.

உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்பட்டு, பார்ப்பவருக்கும் புலனாவதைத் தமிழ் இலக்கணம் மெய்ப்பாடு என்கிறது. தொல்காப்பியர் அதற்குத் தனி இயலே வகுத்தார். உணர்ச்சியைச் சொல்லில் தேடாமல் மெய்யில் தேடச் சொன்ன மரபு அது. பினோவைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. உவகை, அச்சம், பெருமிதம், அழுகை என்று ஒவ்வொன்றும் அவர் உடம்பில் எழுந்து, சாலையோரம் நின்றவர்களுக்கும் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

பிரான்சின் கிழக்கில், வோஜ் மலையடிவாரத்தில், மெலிசே என்று ஒரு சிற்றூர். பனியாறுகள் விட்டுச்சென்ற குழிகளில் நீர் தேங்கி, ஆயிரம் குளங்களின் மேட்டுநிலம் என்று பெயர் பெற்ற பகுதி அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. பினோ 1990 மே 29 அன்று அருகிலுள்ள லூர் நகரில் பிறந்து, இந்த ஊரில் வளர்ந்தார். தந்தை ரெஜி பினோ ஊரின் மேயராக இருந்தவர். அண்ணன் ஜூலியன் உடற்பயிற்சி அறிவியல் படித்து, தம்பிக்கே பயிற்சியாளர் ஆனார். ஏற்றம், குளிர், ஈரம் மூன்றும் இந்த மண்ணின் இயல்பு. வெயில் கொளுத்தும் நாட்களில் பினோ வாடிப்போவதும், மேகம் கவிந்து தூறல் விழும் நாட்களில் உயிர் பெறுவதும் ரசிகர்கள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. பந்தய நாளில் வானம் கறுத்தால் அவர்கள் மனம் வெளுக்கும்.

2012 ஜூலை 8. டூர் அன்று பெல்ஃபோர் நகரிலிருந்து கிளம்பி, எல்லை தாண்டி, சுவிட்சர்லாந்தின் பொராந்த்ருயிக்குப் போனது. பினோவின் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத சாலைகள். வயது 22, அந்த ஆண்டு டூரில் ஓடியவர்களிலேயே இளையவர். தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்த சுவீடன் வீரர் ஃபிரெட்ரிக் கெசியாகோஃபைக் கடைசி ஏற்றத்தில் எட்டிப் பிடித்து, தாண்டி, இறுதிக் கிலோமீட்டர்களைத் தனியாக ஓட்டினார். பின்னால் துரத்தியவர்கள் சாமானியர்களல்லர்: முந்தைய ஆண்டு டூரை வென்ற கடெல் எவான்ஸ், அந்த ஆண்டு வெல்லப்போகும் பிராட்லி விக்கின்ஸ்.

அந்த ஓட்டத்தின் படக்காட்சியில் என் கண் திரும்பத் திரும்ப அணியின் காருக்குப் போகிறது. உள்ளே அணியின் மேலாளர் மார்க் மதியோ. பாரி–ரூபே என்னும் கருங்கல் சாலைப் பந்தயத்தை 1985இலும் 1991இலும் வென்ற, அனுபவம் முற்றிய மனிதர். அவர் ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, கதவைக் கையால் அறைந்து அறைந்து கத்துகிறார். பக்கத்தில் மிதிக்கும் பையன் வாயைத் திறந்து காற்றை விழுங்குகிறான், கண்கள் விரிந்திருக்கின்றன, துரத்தி வருகிறவர்களின் நிழல் தெரிகிறதா என்று தலை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. தேர்ந்த வீரர்கள் அந்த நேரத்தில் தலையைக் குனிந்து கைகளை மடக்கி இயந்திரமாகிவிடுவார்கள். இவனோ பதறுகிறான், அந்தப் பதற்றத்தோடே மிதிக்கிறான், 26 விநாடி இடைவெளியில் வென்றும்விடுகிறான். கோட்டைக் கடக்கும்போது முகத்தில் வந்த உவகையில் நம்ப முடியாமையும் கலந்திருந்தது. பிரெஞ்சு மக்கள் அந்த முகத்தை அன்றே மனத்தில் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஆண்டு வந்தது அச்சம். மலைப் பந்தயத்தில் ஏறுவது பாதி என்றால் இறங்குவது மீதிப் பாதி. விரலளவு அகலமுள்ள சக்கரங்கள். மணிக்கு எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 2013 டூரில், பிரெனே மலைத்தொடரின் பாயேர் கணவாயில் இறங்கும்போது பினோவின் கைகள் பிரேக்கை விட மறுத்தன. மேலே சேர்ந்து ஏறியவர்கள் கீழே அவரை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எந்த வீரரும் இதற்கு உடல்நிலை, டயர், சாலை என்று ஏதாவது காரணம் சொல்லியிருக்கலாம். பினோ உண்மையைச் சொன்னார். சிலருக்குப் பாம்பைக் கண்டால் பயம். தனக்கு வேகத்தைக் கண்டால் பயம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

23 வயதில், தன்மேல் ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டிருந்த வேளையில், அவர் இதைச் சொன்னார் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் பயப்படுகிறவன் என்று தெரிந்துவிட்டால் போட்டியாளர்கள் ஒவ்வொரு இறக்கத்திலும் தாக்குவார்கள். ஆயுதத்தை எடுத்து எதிரி கையில் கொடுத்தது போன்ற பேச்சு அது. ஆனால் பயத்துக்கு மருந்து அங்கிருந்துதான் தொடங்கியது. பந்தயத் தடத்தில் கார் ஓட்டி வேகத்தோடு பழகினார். இறக்கங்களில் பயிற்சி எடுத்தார். அதே ஆண்டு வுவெல்டா என்னும் ஸ்பெயின் பெருஞ்சுற்றில் ஏழாம் இடம். அடுத்த ஆண்டு, 2014இல், டூரில் மூன்றாம் இடமும் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சியும். வென்றவர் இத்தாலியின் வின்சென்சோ நிபாலி. இரண்டாம் இடத்தில் இன்னொரு பிரெஞ்சு வீரர் ஜான்-கிறிஸ்தோஃப் பெரோ. டூரின் மேடையில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சேர்ந்து நின்றது 1984க்குப் பிறகு அதுதான் முதல்முறை.

பினோவின் கதையில் ஒருமுறை மட்டும் வேறொரு பினோ தெரிகிறார். 2015 டூர், மாந்த் நகருக்கு மேலே விமானத்தளத்தில் முடிந்த கட்டம். செங்குத்தான ஏற்றத்தின் உச்சியில் பினோவும் சக நாட்டவரான ரோமான் பார்தேயும் எல்லோரையும் விட்டுவிட்டு முன்னால் இருந்தார்கள். எஞ்சியது தட்டையான ஒரு சிறு தூரம். அங்கே இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முன்னால் போய்க் காற்றை வாங்குவது, யார் பின்னால் ஒளிந்து கடைசியில் பாய்வது என்ற கணக்கு. அந்தக் கணக்கு முடிவதற்குள் பின்னாலிருந்து வந்த ஆங்கிலேயர் ஸ்டீவ் கம்மிங்ஸ் கொஞ்சமும் வேகம் குறைக்காமல் இருவரையும் தாண்டிப் போய் வென்றுவிட்டார். தன்னைக் கட்டுப்படுத்தித் தந்திரம் செய்ய முயன்ற நாளில் பினோ தன் பலத்தையும் சேர்த்தே கட்டிவைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே வாரத்தில் அதற்கு விடை சொன்னார். 2015 ஜூலை 25, ஆல்ப் தூயெஸ். 21 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட பலகை. அந்தப் பலகைகளில் முன்பு அங்கே வென்றவர்களின் பெயர்கள். டூரின் ஏற்றங்களில் புகழால் இதை மிஞ்சியது அரிது. அன்று சாலையின் இருபுறமும் அடைத்து நின்ற கூட்டம், வீரர் அருகில் வரும்போது மட்டும் பிளந்து, ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழிவிட்டது. பினோ அந்தச் சந்துக்குள் நுழைந்து நுழைந்து மேலே போனார். பின்னால் கொலம்பியாவின் நைரோ கின்தானா. ஏற்றத்தில் உலகின் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர். முகத்தில் ஒரு கோடும் அசையாதவர். இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. உச்சியில் எஞ்சியது 18 விநாடி.

இந்த இரண்டு முகங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது தனி அனுபவம். கின்தானாவின் முகம் மூடிய கதவு. உள்ளே என்ன நடக்கிறது என்று நாம் ஊகிக்கத்தான் முடியும். பினோவின் முகத்திலோ ஒவ்வொரு வளைவும் பதிகிறது: வளைவின் உள்பக்கச் சரிவில் பல்லைக் கடிப்பது, வெளியே வந்ததும் ஒரு நொடி தளர்வது, வானொலியில் இடைவெளியைக் கேட்டதும் புருவம் ஏறுவது. மலையேற்றத்தில் வேகம் மணிக்கு இருபது கிலோமீட்டருக்குப் பக்கம் இறங்கிவிடுவதால், ஓரத்தில் நிற்பவர் கைக்கெட்டும் தூரத்திலிருந்து இத்தனையையும் காண முடியும். நுழைவுச்சீட்டு கிடையாது, கம்பிவேலி கிடையாது. வேறெந்தப் பெரிய விளையாட்டிலும் பார்வையாளருக்கு வீரரின் மூச்சு இவ்வளவு அருகில் கேட்காது. தன்னை மறைக்காத ஒருவரை மக்கள் இந்த நெருக்கத்தில் பார்க்கும்போது அவர் படும் பாட்டில் அவர்களும் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். பினோவின் செல்வாக்கின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அவருடைய ஓட்டங்களில் மிக அழகானது எது என்று கேட்டால், பிரான்சில் நடந்த எதையும் நான் சொல்ல மாட்டேன். 2018 அக்டோபர் 13, இத்தாலியின் லொம்பார்தியா. மரங்கள் நிறம் மாறும் பருவத்தில் நடப்பதால் உதிரும் இலைகளின் பந்தயம் என்று பெயர் பெற்றது. ஐந்து மாபெரும் ஒருநாள் பந்தயங்களுள் ஒன்று. இத்தாலியப் பந்தயங்கள்மேல் பினோவுக்குத் தீராக் காதல். வெற்றி மட்டுமே அழகு என்று பொருள்படும் இத்தாலிய வாசகத்தைக் கையில் பச்சை குத்தியிருப்பவர். அந்த ஆண்டு மே மாதம் ஜிரோ என்னும் இத்தாலியப் பெருஞ்சுற்றில், முடிவுக்கு முந்தைய நாள்வரை மூன்றாம் இடத்தில் இருந்தார். அன்று செர்வீனியா மலைக்குப் போகும் வழியில் நோயால் சுருண்டு, நாற்பது நிமிடத்துக்கும் மேல் இழந்து, துணைவீரர்கள் சூழ்ந்து காக்க எப்படியோ வந்து சேர்ந்து, நிமோனியாவோடு மருத்துவமனைக்குப் போனார். ரோமில் நடந்த கடைசிக் கட்டத்துக்கு அவர் வரவில்லை. அப்படிப்பட்ட ஆண்டின் இலையுதிர் காலம் இது. இடையில் வுவெல்டாவில் கோவதோங்கா உட்பட இரண்டு கட்டங்களை வென்று, மூன்று பெருஞ்சுற்றுகளிலும் கட்ட வெற்றி கண்டவர் ஆகிவிட்டிருந்தார். லொம்பார்தியாவுக்குச் சில நாள் முன்பு மிலான்–தூரின் பந்தயத்தையும் வென்றிருந்தார்.

சொர்மானோ சுவர் என்று ஓர் ஏற்றம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான, காட்டுக்குள் போகும் குறுகலான பாதை. சில இடங்களில் சரிவு 27 விழுக்காடு. உயரம் கூடுவதைத் தார்ச்சாலையிலேயே எண்களாக எழுதி வைத்திருக்கிறார்கள். கோட்டுக்கு இன்னும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் இருக்கையில் பினோ அங்கே தாக்கினார். கணக்குப் பார்ப்பவர்களுக்கு அது வெகு சீக்கிரம். ஒட்டிக்கொண்டு வந்தவர்களில் நிபாலி இருந்தார். அந்தப் பந்தயத்தை 2015இலும் 2017இலும் வென்றவர், இத்தாலியின் செல்லப்பிள்ளை, எப்போது அசைவார் என்று யாராலும் கணிக்க முடியாதவர். பினோ மறுபடி மறுபடி எழுந்து மிதித்தார். நிபாலி மறுபடி மறுபடி ஒட்டிக்கொண்டார். இறுதியில் சிவில்யோ ஏற்றத்தில், அத்தனை தாக்குதலுக்குப் பின் இன்னுமொரு தாக்குதல். நிபாலியின் சக்கரம் ஒரு முழம் பின்தங்கியது. பிறகு ஒரு வண்டி நீளம். பிறகு ஒரு வளைவு.

நான் மிகவும் ரசிப்பது அதற்குப் பிறகு வருவது. சிவில்யோவின் உச்சியிலிருந்து கோமோ ஏரிக்கரை நகரத்துக்குச் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது. பின்னால் இருப்பவரோ இறக்கக் கலையில் தன் காலத்து மன்னர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் பிரேக்கைப் பிடித்து உறைந்த அதே கைகள் இப்போது வளைவுக்கு வளைவு தேவையான அளவு மட்டும் பிரேக்கைத் தொட்டு விடுகின்றன. உடம்பு சைக்கிளோடு சேர்ந்து சாய்கிறது. வளைவின் உள்பக்கக் கோட்டை ஒட்டி நுழைந்து அகன்று வெளியேறுகிறது. எந்த அவசரமும் இல்லை. இறங்கி முடித்தபோது இடைவெளி பத்திரமாக இருந்தது. கோமோவில் 32 விநாடி முன்னால் தனியாக வந்து வென்றார். 1997இல் லொரான் ஜலபேர் வென்ற பிறகு ஒரு பிரெஞ்சுக்காரர் லொம்பார்தியாவை வெல்வது அதுவே முதல்முறை. ஏற்றத்தில் அவர் காட்டிய பலத்தை எல்லோரும் பேசினார்கள். அந்த இறக்கத்தில் இருந்த பெருமிதத்தை, 2013இல் அவர் சொன்ன உண்மையை நினைவில் வைத்திருப்பவர்களே முழுதாக அனுபவிக்க முடியும்.

2019 டூரில் பிரான்ஸ் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு வீரர் ஜூலியன் அலஃபிலிப் 14 நாட்கள் மஞ்சள் ஜெர்சியில் ஓடினார். அவருக்குப் பின்னால், மலைகள் வரட்டும் என்று பினோ காத்திருந்தார். தேசிய நாளுக்கு முந்தைய மாலையில் சாந்தெத்தியேன் நகரின் வாசலில் இருவரும் சேர்ந்து எல்லோரையும் விட்டுப் பாய்ந்த காட்சியில் ஒரு நாடே எழுந்து நின்றது. இரண்டு நாள் கழித்து, அல்பி நோக்கிய தட்டையான சாலையில் பக்கக்காற்று கூட்டத்தை அறுத்துப் போட்டது. அறுபட்ட பின்பகுதியில் மாட்டிக்கொண்ட பினோ 1 நிமிடம் 40 விநாடி இழந்தார். அந்த மாலை அவர் முகத்தில் இருந்த கோபத்துக்கு ஒளிவுமறைவே இல்லை.

ஐந்து நாளில், ஜூலை 20 அன்று, 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயின் உச்சியில் அதற்குப் பதில் கிடைத்தது. இளம் துணைவீரர் தாவித் கோது தன் பலம் தீரும்வரை முன்னால் இழுத்து, போட்டியாளர்களை ஒவ்வொருவராக உதிர்த்துக் கொடுத்தார். கடைசிச் சில நூறு மீட்டரில் பினோ எழுந்தார். அலஃபிலிப்பும் மற்றொரு போட்டியாளரான குரைஸ்வைக்கும் 6 விநாடி பின்னால். இந்த 6 விநாடிகளில் கோதுவின் உழைப்பும் அடங்கியிருக்கிறது என்பதைப் பினோ எப்போதும் மறந்ததில்லை. அவர் அணியில் துணைவீரர்கள் அவருக்காகத் தங்களைத் தேய்த்துக்கொண்டதில் சம்பளத்துக்கு அப்பாற்பட்ட ஒன்று இருந்ததைப் பார்ப்பவர் எவரும் உணரலாம். மறுநாள் ஃபுவா நகருக்கு மேலான ஏற்றத்திலும் மஞ்சள் ஜெர்சியைத் தாண்டி ஓடினார். ஆல்ப்ஸ் மலைகள் வரும்போது தலைமைக்கும் அவருக்கும் இடைவெளி 1 நிமிடம் 50 விநாடி. அல்பியின் காற்று தின்ற 1 நிமிடம் 40 விநாடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் எந்த உயரத்தில் இருந்தார் என்று விளங்கும்.

பிறகு ஒரு சிறு விபத்து. கப் நகரை நோக்கிய கட்டத்தில் முழங்கால் பக்கம் கைப்பிடியில் மோதியது. விழவில்லை, ரத்தமில்லை, அப்போது யாரும் கவனிக்கவும் இல்லை. இடது தொடைத்தசை உள்ளே கிழிந்திருந்தது. ஜூலை 26, தீன்யே நோக்கிய கட்டத்தில், தொடக்கத்திலேயே அவர் பின்தங்கினார். மிதிப்பது நின்று நின்று தொடர்ந்தது. துணைவீரர் வில்லியம் போனே பக்கத்தில் வந்து, ஓட்டிக்கொண்டே தோளோடு அணைத்துக்கொண்டார். பினோ அழுதுகொண்டே மிதித்தார். பின்பு சைக்கிளை விட்டு இறங்கி, அழுதபடியே காருக்குள் ஏறினார்.

விளையாட்டு வீரர்கள் தோற்று அழுவது புதிதல்ல. அவர்கள் பெரும்பாலும் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள், அல்லது திரும்பிக்கொள்வார்கள். பினோ இரண்டும் செய்யவில்லை. அழுகைக்கான காரணங்களைத் தொல்காப்பியர் வகுக்கையில் இழப்பையும் அதில் வைத்தார். அந்த இழப்பு எத்தனை பெரியது என்பதை அளக்க மக்களுக்கு வேறு கருவி தேவைப்படவில்லை. அன்றைய தினம் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் சாலையை மூட, கட்டமே பாதியில் நிறுத்தப்பட்டது. மஞ்சள் ஜெர்சி கொலம்பியாவின் எகான் பெர்னாலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஆண்டைப் பற்றி பிரெஞ்சு மக்களிடம் கேட்டால், வென்றவரைச் சொல்லுமுன் காரில் ஏறிய இந்த மனிதரைச் சொல்வார்கள்.

அதற்குப் பின் நீண்ட இருள். 2020 டூரின் முதல் நாளே நீஸ் நகரின் மழைச் சாலையில் விழுந்து முதுகில் அடி. அது ஆற ஓராண்டுக்கு மேல் ஆனது. அதே டூரின் கடைசித் தனிநேர ஓட்டம் லூரில் தொடங்கி மெலிசே வழியாகப் போனது. அடிபட்ட முதுகோடு, வெல்லும் வாய்ப்பே இல்லாமல், தன் ஊர்த் தெருவில் தன் பெயர் எழுதிய சாலைமேல் ஓட்டிப் போனார். 2022 ஏப்ரலில் டூர் ஆஃப் தி ஆல்ப்ஸ் பந்தயத்தில் ஒரு கட்டம் கைக்கெட்டி, கடைசி நேரத்தில் போட்டியாளர் மிகேல் ஆங்ஹெல் லோபெஸிடம் போனது. கோட்டைத் தாண்டி நின்று மீண்டும் அழுதார். மறுநாள் காலை மறுபடி முன்னணியில் ஓடிப்போய், ஆஸ்திரியாவின் லியன்ஸ் நகரில் வென்றார். தூர்மலேக்குப் பின் 1,007 நாட்கள் கழித்து வந்த வெற்றி. அழுத மறுநாளே தாக்கியதைத்தான் நான் இதில் போற்றுகிறேன். கண்ணீர் அவரைப் பலவீனப்படுத்தவில்லை. அழுது முடித்து, மனம் கழுவி எழுந்தவர்போல் அன்று ஓடினார்.

பிரெஞ்சுக்காரர்கள் தோற்பவரை நேசிக்கும் மக்கள் என்று இதற்கு எளிதாக விளக்கம் சொல்லிவிடுவார்கள். உடனே ரேமோன் பூலிடோரை எடுத்துக்காட்டுவார்கள். எட்டுமுறை டூரின் முதல் மூவரில் ஒருவராக வந்து, ஒருமுறைகூட மஞ்சள் ஜெர்சி அணியாமல் 1977இல் ஓய்வு பெற்றவர். ஐந்துமுறை டூரை வென்ற அங்கெத்தீலைவிட மக்கள் மனத்தில் பெரிய இடம் பிடித்தவர். ஒப்புமை பாதிதான் சரி. பூலிடோர் மிலான்–சான்ரேமோவையும் வுவெல்டாவையும் வென்றவர். அவரைத் தோல்வியின் சின்னமாக்குவது அவருக்குச் செய்யும் அநீதி. மேலும் அவரை மக்கள் நேசித்தது, எது வந்தாலும் கலங்காத உழவனின் பொறுமைக்காக. பினோவிடம் பொறுமையே இல்லை. அவர் கலங்கினார், கொதித்தார், சீக்கிரமே தாக்கினார், சில நேரம் வென்றார். இரண்டு பேரின் குணமும் எதிரெதிர்; மக்கள் இருவரையும் நேசித்தார்கள் என்றால், அவர்கள் தேடியது தோல்வியை அல்ல, உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் ஒரு மனிதரை.

2023 தொடக்கத்திலேயே, அந்த ஆண்டோடு விடைபெறுவதாகப் பினோ அறிவித்தார். விடைபெறும் ஆண்டு என்று சும்மா வலம்வரவில்லை. ஜிரோவில் ஐந்தாம் இடம். மலையரசனுக்கான நீல ஜெர்சி. கட்ட வெற்றிக்காகத் தாக்கித் தாக்கி இருமுறை இரண்டாம் இடம். பிறகு டூர். ஜூலை 22, முடிவுக்கு முந்தைய நாள், பெல்ஃபோரிலிருந்து வோஜ் மலைகளின் மார்க்ஸ்டைனுக்கு 133.5 கிலோமீட்டர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் பொராந்த்ருயி ஓட்டம் கிளம்பிய அதே நகரம். அவருடைய சொந்த மலைகள். பெத்தி பலோன் ஏற்றத்தின் ஒரு வளைவில் அவருடைய ரசிகர் குழு ஆயிரக்கணக்கில் திரண்டு அதற்குப் பினோ வளைவு என்று பெயரிட்டிருந்தது. கொடிகள், பதாகைகள், சாலை நிறைய அவர் பெயர், ஒரே குரலில் பாட்டு.

அவர்கள் அங்கே எதை எதிர்பார்த்தார்கள்? கூட்டத்தோடு ஓட்டி வரும் ஒருவருக்குக் கையசைத்து விடைகொடுத்திருந்தாலே போதும். பினோ அந்த ஏற்றத்தில் உடனோடியவர்களை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினார். டூர் டி பிரான்ஸின் தலைவரிசையில், தன்னந்தனியாக, அந்த வளைவுக்குள் வந்தார். காது அடைக்கும் அந்தச் சந்தில் ஓட்டிய நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. முகத்தில் உவகையும் அழுகையும் பெருமிதமும் ஒரே சமயத்தில் இருந்தன. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த ஏற்றத்தில் பந்தயத்தின் முன்னணி வீரர்களான போகச்சாரும் விங்கேகோரும் ஃபெலிக்ஸ் காலும் வந்து பிடித்துத் தாண்டிவிட்டார்கள். போகச்சார் வென்றார். பினோவுக்கு அந்தக் கட்டத்தில் ஏழாம் இடம். ஒட்டுமொத்தத்தில் பதினொன்றாம் இடம்.

அந்த நாளின் முடிவுப் பட்டியலை எடுத்துப் பார்ப்பவர் ஏழாவது வரியில் ஒரு பெயரைக் கடந்து போவார். பினோவுக்கு அதைவிட நல்ல வரிகள் பல உண்டு: தூர்மலே, ஆல்ப் தூயெஸ், கோவதோங்கா, கோமோ. ஆனால் அவரை அறிய வேண்டுமென்றால் நான் அந்த ஏழாம் இடத்திலிருந்தே தொடங்கச் சொல்வேன். வெற்றிக்குப் போதுமான பலம் கடைசிவரை இருக்காது என்று தெரிந்தோ தெரியாமலோ, தனக்காகக் காத்திருந்தவர்களிடம் முதல் ஆளாய் வந்து சேர வேண்டும் என்று மிதித்த ஓட்டம் அது. அந்தப் பலத்தைச் செலவழிக்காமல் சேமித்திருந்தால் இன்னும் இரண்டு இடம் முன்னால் வந்திருக்கக்கூடும். அவர் செலவழித்தார்.

அக்டோபர் 7 அன்று, அவர் மிகவும் நேசித்த லொம்பார்தியாவில் கடைசிப் பந்தயம். பெர்கமோ மேல்நகரின் ஏற்றத்தில் பிரான்சிலிருந்து வந்த ரசிகர்கள் திரண்டு நின்று வழியனுப்பினார்கள். இப்போது பினோ மெலிசேயில்தான் இருக்கிறார். ஆடுகளும் கழுதைகளும் மாடுகளும் உள்ள பண்ணை, மீன்பிடிக்கும் குளங்கள், பழைய மலைகள். இன்றைய வீரர்கள் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறார்கள் என்பதை ஒரு கருவி நொடிக்கு நொடி சொல்லிவிடுகிறது. எப்போது தாக்குவது என்பதைக் காதுக்குள் ஒரு குரல் சொல்லிவிடுகிறது. அவர்கள் இவரைவிட வேகமானவர்கள், இவரைவிட அதிகம் வெல்பவர்கள். அவர்களையும் ரசித்துப் பார்க்கிறேன். ஆனால் ஒரு பந்தயத்தைப் பார்க்கும்போது நேர இடைவெளிப் பலகையை விட்டுக் கண்ணை முகத்துக்குக் கொண்டுபோகப் பழக்கியவர் பினோ. அந்தப் பழக்கம் வந்தபிறகு, வென்றவரிடமும் தோற்றவரிடமும் பார்க்க எவ்வளவோ இருக்கிறது என்று தெரிகிறது. ஒரு வீரர் தன் விளையாட்டுக்கு விட்டுச்செல்லக்கூடிய கொடைகளில் இது சிறியதல்ல.